பழுப்பு நிறம் பிடிக்காத இடம்

ஓசூர் சிப்காட்டில் ரப்பர் வளையங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் நாராயணம்மாவுக்குப் பார்வை வேலை. எதிரில் விளக்கு, கையில் லென்ஸ். நல்லதைப் போட இடப்பக்கம் ஒரு வெள்ளைத் தட்டு, கழிவைப் போட வலப்பக்கம் ஒரு சிவப்புத் தட்டு. பதினாறு வருடமாக அதே நாற்காலி. மற்ற பெண்கள் ஒரு வளையத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்தால் அவள் இரண்டு முறை பார்ப்பாள்.

“இந்தம்மாவைப் பொண்ணு பாக்கக் கூட்டிக்கினு போயிடாதீங்க. பொண்ணு நெத்தியில ரிஜெக்ட் சீட்டு ஒட்டிட்டு வந்துடும்” என்பார் சூப்பர்வைசர் மாரிசாமி. எல்லோரும் சிரிப்பார்கள். நாராயணம்மா சிரிக்க மாட்டாள். எதற்காக இன்றைக்கு இதைச் சொல்கிறார் என்று யோசிப்பாள்.

சின்ன வயதில் அவள் அப்படி இருக்கவில்லை. செங்கல் சூளை வேலை என்று மாலூருக்குப் போய்வந்துகொண்டிருந்த புருஷனின் சட்டையில் ஒரு நாள் வேறு எண்ணெய் வாசம் அடித்தது. அதைச் சொன்னபோது மாமியார் திட்டினாள், அக்கம்பக்கம் சிரித்தது. ஆறு மாதம் கழித்து அவன் அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துவது தெரிந்தது. பிள்ளை இல்லாத நாராயணம்மா கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்து ஊரில் இருந்த பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். அந்த ஒரு சந்தேகம் பலித்ததிலிருந்து எந்தச் சந்தேகத்தையும் அவளால் தள்ளிவிட முடியவில்லை.

பிறந்த வீட்டில் இரண்டு தம்பிகள். பெரியவன் சென்றாயனுக்குப் பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டாள். சின்னவன் கங்கப்பன் கட்டிக்கொண்டு வந்தவள் சாந்தம்மா. அவளும் மாலூர்ப் பக்கம். அந்த ஊர்ப் பேரைக் கேட்டபோதே நாராயணம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் சாந்தம்மா வந்த பின் வீட்டில் சமையல் அவள் கைக்குப் போயிற்று. தம்பிகள் இருவரும் அவள் போட்ட களியைத்தான் தின்றார்கள்.

1990இல் சென்றாயனுக்கு வயிற்றில் வலி வந்தது. மூன்று மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டான். கிருஷ்ணகிரியில் காட்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. வயது முப்பத்தேழு. சாவு வீட்டில் யாரோ ஒருத்தி நாராயணம்மாவின் காதருகே குனிந்து, “மருந்து வெச்சிருக்காங்க புள்ள. நல்லாப் பாரு” என்றாள்.

அந்தப் பக்கத்தில் அதற்கு விளக்கம் தேவையில்லை. சோற்றிலோ குழம்பிலோ எதையாவது கலந்து கொடுத்துவிட்டால் அது வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும், வளரும், ஆளைத் தின்னும் என்பார்கள். புருஷனை வசப்படுத்த வைத்தது அளவு மீறினால் ஆளே போய்விடுவான். சாந்தம்மா தன் புருஷனுக்கு வைத்ததை அவன் அண்ணன் மாற்றித் தின்றிருக்கலாம் என்று நாராயணம்மா கணக்குப் போட்டாள். அடுத்த வாரமே தனக்கென்று ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கினாள். தனி உப்பு, தனி மிளகாய்த்தூள், மூடி போட்ட தனிக் குடம். வேலைக்குப் போகும்போது தன் அறையைப் பூட்டிச் சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டாள்.

சாந்தம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் நாராயணம்மாவுக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது.

1996இல் கங்கப்பனுக்கும் அதே வலி. சாந்தம்மா அவனைப் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பெருங்குடலில் கட்டி என்று வெட்டி எடுத்தார்கள். ஒரு வருடம் நடமாடினான். பிறகு அவனும் போய்விட்டான். பதிமூன்று வயது மகன் சின்னராஜ் மொட்டை அடித்துக்கொண்டு நின்றான். நாராயணம்மா அழுதுகொண்டே சாந்தம்மா எப்படி அழுகிறாள் என்று பார்த்தாள்.

அதற்கு மறு வருடம் பொங்கல் கழிந்து நாராயணம்மாவுக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் கண்டது. ஒரு நாள் இருக்கும், பத்து நாள் இருக்காது. படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. கம்பெனி நர்ஸ் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, “ரத்தமே இல்லியே, கீரை சாப்பிடுங்க” என்றாள். நாராயணம்மா கீரை தின்றாள். ரத்தம் போவதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது சாந்தம்மாவுக்கு எட்டும், மருந்து வேலை செய்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஆனி மாதம் பெங்களூர் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. சாந்தம்மா அதை எடுத்துக்கொண்டு பூட்டிய அறை வாசலில் நின்றாள்.

“அக்கா, அவரு சதையில ஏதோ அடையாளம் தெரியுதாம். கூடப் பொறந்தவங்க எல்லாம் வந்து குடலைப் பாத்துக்கணும்னு எழுதியிருக்குது.”

“செத்தவன் சதையில அடையாளம் தெரிஞ்சா இருக்கறவ எதுக்குப் போவணும்?”

“தெரியலக்கா. போயி கேப்போம்.”

“உனக்கு என்னா இவ்ளோ அவசரம்?”

சாந்தம்மா கடிதத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். நாராயணம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். முத்திரை சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் என்ன செய்யப் பார்க்கிறாள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகப் பஸ் ஏறி, தேன்கனிக்கோட்டை தாண்டி ஒரு கிராமத்தில் இருந்த மாரம்மாவிடம் போனாள். மாரம்மா மருந்து எடுப்பவள். வயிற்றில் எண்ணெய் தடவி, பித்தளைச் செம்பைக் கவிழ்த்து அழுத்தி, பிறகு வாய் வைத்து உறிஞ்சி ஒரு வெற்றிலையில் துப்புவாள். நாராயணம்மாவுக்கு முன்னால் மூன்று பெண்கள். மூன்று பேர் வெற்றிலையிலும் கறுப்பாக ஒரு உருண்டை விழுந்தது. நான்காவதாக அவளுடைய வெற்றிலையிலும் விழுந்தது. நெல்லிக்காய் அளவு. உள்ளே முடி சுருண்டிருந்தது.

“எட்டு வருஷத்து மருந்து” என்றாள் மாரம்மா. “பொம்பள கையால வெச்சது. பக்கத்துலயே இருக்கறா.”

தான் இத்தனை நாள் நினைத்தது சரி என்ற திருப்தி நாராயணம்மாவுக்கு இருந்தது. ஆனால் உருண்டையை ஆற்றில் விட்டுவிடச் சொன்னபோது அவள் விடவில்லை. பாலித்தீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போதே ஏதோ உறுத்தியது. திங்கட்கிழமை லென்ஸைப் பிடித்து வளையம் பார்த்துக்கொண்டிருந்தபோது அது என்னவென்று புரிந்தது. நான்கு பெண்கள், நான்கு வயிறு, நான்கு ஊர். நான்கு உருண்டையும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. ஒரே மோல்டில் வந்த சரக்கு மாதிரி இருந்தன.

அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தாள். கங்கப்பன் வயிற்றுச் சதையை வெட்டி என்ன என்று சொன்னவர்கள் இதையும் வெட்டிச் சொல்லட்டும். அப்போது சாந்தம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போக ஒப்புக்கொண்டாள். பஸ்ஸில் சாந்தம்மா பக்கத்தில் இடம் பிடித்து வைத்தாள். நாராயணம்மா அங்கே உட்காராமல் மூன்று வரிசை பின்னால் போய் உட்கார்ந்தாள். பின்னாலிருந்தால்தான் ஆளைப் பார்க்க முடியும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சித்தூர்ப் பக்கத்துக்காரர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். பெரிய காகிதத்தில் கட்டமும் வட்டமும் போட்டுக்கொண்டே கேட்டார்.

“உங்க அப்பா எப்படிப் போனாரு?”

“வயித்து வலிங்க. சாராயம் குடிப்பாரு, அதான் கொடல் வெந்துபோச்சுன்னாங்க.”

“எந்த வருஷம்?”

“எழுபத்தொண்ணு. நாப்பத்தாறு வயசு.”

“அவர் கூடப் பொறந்தவங்க?”

“ஒரே அத்தை. போச்சம்பள்ளில குடுத்தது. அதுவும் வயித்துக் கட்டிதான்.” சொல்லும்போதே நாராயணம்மாவின் குரல் இறங்கியது. கட்டங்களில் டாக்டரம்மா கறுப்பு மை தீட்டிக்கொண்டே வந்தார். அப்பா கரியப்பன், அவர் தங்கை, சென்றாயன், கங்கப்பன்.

“வீட்டுல எல்லாருக்கும் ஒரே சாப்பாடா?”

இந்தக் கேள்விக்காகத்தான் நாராயணம்மா காத்திருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இல்லீங்க. எட்டு வருஷமா எனக்குத் தனி அடுப்பு. இவ கை பட்ட தண்ணி கூட நான் குடிச்சதில்ல. வேணும்னா கேட்டுப் பாருங்க.”

சாந்தம்மா தலை குனிந்தாள். டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி. உங்களுக்கு வயித்துல ஏதாச்சும் தொந்தரவு?”

வந்த வேலை முடிய வேண்டுமே என்று நாராயணம்மா சொன்னாள். “ஆறு மாசமா ரத்தம் போவுதுங்க.”

“அக்கா” என்று சாந்தம்மா எழுந்தே விட்டாள். “ஆறு மாசமா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“உன்கிட்டயா?”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “அவங்க கையால ஒண்ணும் சாப்பிடலன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப உங்களுக்கு எப்படி வந்துச்சு?”

நாராயணம்மா யோசித்தாள். குடத்தில் கலந்திருப்பாள் என்று சொல்லலாம். குடத்துக்கு மூடி, அறைக்குப் பூட்டு, சாவி தன் கழுத்தில். அத்தனை காவலும் அவளே போட்டது. ஒரு ஆள் கையே படாத பெட்டியிலும் அதே கோளாறு வந்தால் அந்த ஆள் மேல் பழி போட முடியாது. கம்பெனியில் இப்படி எத்தனை பெண்களுக்காக அவள் மாரிசாமியிடம் வாதாடியிருக்கிறாள். அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததை ஏற்கப் பிடிக்கவில்லை.

பையிலிருந்து பாலித்தீன் பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். “முதல்ல இத வெட்டிப் பாத்துச் சொல்லுங்க.”

லேப்பில் வேலை பார்த்த சென்னகிருஷ்ணன் அதைப் பார்த்து வாய்க்குள் சிரித்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. “வெட்டுப்பா” என்றார். அரை மணி நேரத்தில் அவன் வந்து சொன்னான். “சதை ஒண்ணுமே இல்ல மேடம். கேழ்வரகு மாவு, கரி, ஏதோ பிசின். முடி மனுஷ முடியில்ல, ஆட்டு முடி.”

“மாரம்மா ஏமாத்துக்காரி” என்றாள் நாராயணம்மா. அதில் அவளுக்கு வியப்பில்லை. “அதுக்காக இவ நல்லவன்னு ஆயிடுமா?”

“ஆகாது” என்றார் டாக்டரம்மா. “வாங்க, வேற ஒண்ணு காட்டறேன்.”

உள்ளே அலமாரியிலிருந்து ஒரு சின்ன மெழுகுக் கட்டியை எடுத்து வந்தார். நடுவில் பழுப்பாய் ஒரு நகம் அளவு சதை. ஓரத்தில் பென்சிலால் எண்.

“இது உங்க தம்பியோடது.”

“அவனோடதுன்னு எப்படித் தெரியும்?”

சென்னகிருஷ்ணன் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தான். எண், தேதி, கங்கப்பன் பெயர். நாராயணம்மா எண்ணைக் கட்டியோடு ஒப்பிட்டாள். “எழுதனவரு ஒருத்தரு, சரி பாத்தவரு வேற ஆளா?”

“வேற ஆள்தாம்மா. ரெண்டு கையெழுத்து இருக்குது பாருங்க” என்றான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கச் சொன்னார்கள். லென்ஸ் அவளுக்குப் பழகிய சாமான். தானாகவே திருகிப் படத்தைத் தெளிவாக்கினாள். ஒரு பக்கம் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். மறுபக்கம் கன்னாபின்னாவென்று நெருக்கியடித்த கூட்டம், எல்லாம் வெறும் நீலம்.

“செல்லு ஒண்ணு ரெண்டாப் பிரியறப்ப உள்ள நகல் எடுக்குது. அந்த நகல்ல தப்பு இருந்தா கண்டுபிடிச்சுச் சரி பண்ண ஒரு பொருள் நம்ம உடம்புலயே இருக்குது” என்றார் டாக்டரம்மா. “அது இருக்கற இடத்துல இந்தச் சாயம் பழுப்பாப் பிடிக்கும். கட்டியில பாருங்க, பிடிக்கல.”

நாராயணம்மா கண்ணை எடுக்காமல் கேட்டாள். “ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சாயந்தானா? ஒரே நாள்ல போட்டதா?”

“ஒரே கண்ணாடி. ஒரே சொட்டு.”

“அப்ப அந்தப் பக்கம் இன்ஸ்பெக்ஷன் ஆள் இல்ல. வர்ற சரக்கெல்லாம் அப்படியே போவுது.”

டாக்டரம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தார். “ஆமா. அந்த ஆளை வேலைக்கு வெக்கற உத்தரவு அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேருந்தும் ஒவ்வொண்ணு வருது. உங்க அப்பா பக்கத்துல வந்தது பழுதுன்னு நெனைக்கறோம். அம்மா பக்கத்து உத்தரவும் எந்தச் செல்லுல கெடுதோ, அங்க ஆளே இல்லாமப் போயிடுது. பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். ரத்தத்துல அந்தக் குறியைத் தேடணும். அதுக்கு ஆராய்ச்சிக்கு அனுப்பறோம். பதில் வர ஒரு வருஷம் ஆகும். வராமலும் போகலாம். ஆனா குடலைப் பாக்க அதுவரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.”

எழுபத்தொன்றில் சாந்தம்மா மாலூரில் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்திருப்பாள். இந்தக் கணக்கை நாராயணம்மா இதற்கு முன் போட்டதே இல்லை. அப்பாவைச் சாராயத்தின் கணக்கில் எழுதிவிட்டு, தம்பிகளை மட்டும் இவள் கணக்கில் எழுதியிருந்தாள்.

“பாத்துருங்க” என்றாள்.

குழாய் விட்டுப் பார்க்கும் முன் குடல் சுத்தமாக வேண்டும். மறுநாள் காலை நர்ஸ் ஒரு பொடிப் பொட்டலத்தைச் சாந்தம்மாவிடம் கொடுத்து, இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கி டம்ளர் டம்ளராகக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள். சாந்தம்மா கலக்கி, ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினாள்.

நாராயணம்மா டம்ளரைப் பார்த்தாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததெல்லாம் தலைக்கு ஏறியிருந்தது. கைக்கு இறங்கவில்லை.

“நீ குடி முதல்ல.”

சாந்தம்மா டம்ளர் முழுவதையும் குடித்தாள். இன்னொன்று ஊற்றி அதையும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “நானும் உங்க மேல சந்தேகப்பட்டேன்கா.”

“என் மேலயா?”

“பெரியவரு போனதும் நீங்க தனி அடுப்பு வெச்சீங்க. தப்பு பண்ணவங்கதான் பயந்து ஒதுங்குவாங்கன்னு எங்கம்மா சொல்லிச்சு. இந்த வூடு உங்க தம்பிங்களுக்குப் போவாம இருக்க நீங்கதான் ஏதோ பண்ணிட்டீங்கன்னு. நீங்க கம்பெனியில இருந்து பையனுக்கு வாங்கிக்கினு வந்த பன்னு, பிஸ்கோத்து எல்லாம் நான் கோழிக்குப் போட்டுட்டேன்.”

நாராயணம்மாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “எட்டு வருஷமாவா?”

“எட்டு வருஷமா.”

“கோழி என்னா ஆச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு. தின்னுட்டோம்.”

நாராயணம்மா டம்ளரை வாங்கிக்கொண்டாள். உப்பும் இனிப்பும் கலந்த கேடுகெட்ட ருசி. மூக்கைப் பிடித்துக் குடித்தாள். நர்ஸ் வந்து பாத்திரத்தைப் பார்த்து, அளவு குறைகிறதே என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு பொட்டலம் கொண்டுவந்தாள். பத்து மணிக்குள் நாராயணம்மா ஏழு முறை போனாள், சாந்தம்மா இரண்டு முறை. ஒருத்தி உள்ளே இருக்கும்போது இன்னொருத்தி கதவைத் தட்டினாள்.

குடலின் வலப்பக்கத்தில் கட்டி இருந்தது. சுவரைத் தாண்டவில்லை, இப்போதே எடுத்துவிட்டால் பிழைக்க வழி இருக்கிறது, தீபாவளி வரை விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். கூட இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் சாந்தம்மா போட்டாள். அதை வாங்கி நாராயணம்மா ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். வெட்டி எடுத்த சதைக்கும் அதே சாயம் போட்டார்கள். அங்கேயும் பழுப்பு பிடிக்கவில்லை. ஆராய்ச்சிக்கு அனுப்ப எடுத்த ரத்தக் குப்பியில் தன் பெயரைச் சென்னகிருஷ்ணன் ஒட்டும்வரை அவள் சக்கர நாற்காலியை நகர்த்த விடவில்லை.

கார்த்திகையில் தையல் ஆறி நடக்கத் தொடங்கியதும் அவள் போச்சம்பள்ளிக்குப் போனாள். செத்துப்போன அத்தையின் ஒரே மகன் முனிவேல் அங்கே இருந்தார். டாக்டரம்மா போட்ட படத்தில் அவருடைய கட்டம் இன்னும் காலியாக இருந்தது. பத்து வருடமாகப் போக்குவரத்து இல்லாத வீடு. அவள் சொன்னதை முனிவேல் கைகட்டிக்கொண்டு கேட்டார்.

“ஆள் சேத்து உட்டா ஆஸ்பத்திரில உனக்கு ஏதாச்சும் குடுக்கறாங்களா?”

“இல்ல மாமா.”

“திடீர்னு எங்க மேல என்னா அக்கற?”

நாராயணம்மாவுக்கு அவரைக் கோபித்துக்கொள்ளத் தோன்றவில்லை. தானாக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பாள். “நம்பாதீங்க. போயி அவங்க பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. உங்க கண்ணால பாத்துட்டு வாங்க” என்றாள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல” என்று முனிவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

அவர் பெண்டாட்டி நாகம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். நாராயணம்மா குடித்து முடிக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரப்பில் புருஷன் தலை மறைந்ததும் கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

“தழும்பைக் காட்டுக்கா.”

நாராயணம்மா புடவையை விலக்கிக் காட்டினாள். நாகம்மா குனிந்து, விரலால் தையல் தடம் முழுவதும் தொட்டுப் பார்த்தாள்.

“அவரு வேட்டிய நான்தான் தொவைக்கறேன்” என்றாள் மெதுவாக. “ஆடி மாசத்துலேருந்து கறை. கேட்டா மூலம்ங்கறாரு. பெங்களூருக்கு இங்கிருந்து மொத பஸ் எத்தனை மணிக்குக்கா?”